விருந்துக்கு வந்த கோட்டை வாசல்

கோட்டை வாசலின் இடுப்பைச் சுற்றி மணிலாக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, ஏகாம்பரம் பிள்ளை தெருச் சடக்கின் நடுவில் வந்து நின்று ஓட்டு என்று கையசைத்தார். வண்டிக்காரன் அப்பாசாமி மாட்டு வாலைத் திருகினான். இரண்டு மாடுகளும் தலையைத் தாழ்த்தி, குளம்பு தாரில் பதிய இழுத்தன. கயிறு முறுக்கேறிக் கிறீச்சிட்டது. வாசல் அசைந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அசைந்த வாசல், தூக்கத்தில் புரண்டு படுக்கும் ஆள் மாதிரி, இன்னும் அரைச் சாண் வீட்டுப் பக்கமாகவே நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. வண்டியும் மாடுகளும் பின்னால் இழுபட்டன, கயிறு அறுந்தது, அப்பாசாமி வண்டியிலிருந்து வழுக்கிச் சாக்கடை ஓரத்தில் விழுந்தான்.

"என்னா பிள்ளை, நம்ம அத இழுக்கிறோமா, அது நம்மள இழுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வேட்டியைத் தட்டினான். "இன்னொரு தடவை இழுத்தா என் மாடும் உங்க வூட்டுக்குள்ள வந்து பசியாற உக்காந்துரும்லா."

யாரும் சிரிக்கவில்லை. அன்று 1957ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் முப்பதாம் தேதி; மறுநாள் மலாயாவுக்குச் சுதந்திரம். பொழுது சாய்வதற்குள் வாசல் போகாவிட்டால் சம்மட்டியோடு ஆட்கள் வருவார்கள் என்பது உத்தரவு. கல்லைக் கல்லாக உடைத்து லோரியில் ஏற்றிப் போய்ப் பழைய இடத்தில் அடுக்கிவிடுவார்கள். ஆனால் இரண்டு மாதத்தில் வாசல் வீட்டோடு ஒண்டிக்கொண்டு, உத்தரமும் கைமரங்களும் அதன் தோளில் சாய்ந்துவிட்டன. வாசலை உடைத்தால் வீடு விழும். வீடு விழுந்தால் ஏகாம்பரத்தின் மனைவி அன்னம்மா என்ன ஆவாள் என்பது மலாக்காவின் கம்போங் செட்டிக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டை அவள் பதினாலு வருஷமாக அப்படியே வைத்திருந்தாள். சுவரில் அதே நீலம், கதவில் அதே துருப்பிடித்த கொக்கி, முற்றத்தில் பாதி பட்டுப்போன அதே கொய்யா மரம். ஒரே மகன் தம்பிராஜாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். போனவன் திரும்பி வரும்போது வீடு அடையாளம் தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடக் கூடாது. அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

வாசல் வந்த கதையைச் சொல்ல வேண்டும். குன்றின் அடிவாரத்தில் நானூறு வருஷத்துக்கு மேலாக நின்றது அது. போர்த்துகீசியன் கட்டிய கோட்டையில் மிஞ்சியது அது மட்டும்தான். ஒரு பழக்காலத்து விடியற்காலையில், காஜா பெராங் தெருவில் ஏகாம்பரம் பிள்ளை வீட்டுக்கு முன்னால், நெற்றியில் டச்சுக்காரன் செதுக்கிய கேடயத்தோடும் உச்சியில் முளைத்த புல்லோடும் வந்து நின்றது. அந்த வாரம் கானாங்கெளுத்தி மீன் விலை ஏறியிருந்தது. பாசாரில் இரண்டு சங்கதியையும் சேர்த்தே பேசிக்கொண்டார்கள்.

ஏகாம்பரத்துக்குத் தொழில் ஊரைச் சுற்றிக் காட்டுவது. கப்பலிலிருந்து படகில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்கள், சிங்கப்பூரிலிருந்து காரில் வருகிற முதலாளிகள், வாத்தியாரோடு வரிசையில் வருகிற பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வழியில் அழைத்துப் போவார். முதலில் ஆற்றோரத்துச் சிவப்புக் கட்டடம். பிறகு குன்றேறி, கூரையில்லாத மாதா கோயில். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள் கழற்றி வைத்த கதவுகள் மாதிரி சுவரில் சாய்ந்து நிற்கும். இறங்கினால் கோட்டை வாசல். அப்புறம் சீன மலை அடிவாரத்துக் கிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்தவன் எங்கே போனாலும் மலாக்காவுக்குத் திரும்பி வந்தே தீருவான் என்பார். கேட்கிறவர்களுக்கு அது ஒரு கதை. அன்னம்மாவுக்கு அது நிச்சயம். தம்பிராஜா தவழும் வயசில் அவனுக்குக் குடம் குடமாக அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்திருந்தாள். கடைசியில் தட்டார் தெரு. பிள்ளையார் கோயிலையும் மசூதியையும் சீனக் கோயிலையும் ஒரே நடையில் காட்டிவிட்டுக் கையைக் கூப்புவார். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைகள் அவர் நினைக்காமலே வாயில் ஓடும்.

அவருக்கு ஊரில் பட்டப்பெயர் ஒன்றும் உண்டு: செத்துப் பிழைத்தவர். யுத்தம் முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய தோட்டத்து ஆள் ஒருவன், காஜா பெராங் ஏகாம்பரம் காலராவில் போய்விட்டார் என்று சொல்ல வீடு தேடி வந்தான். கதவைத் திறந்ததே ஏகாம்பரம்தான். பேரைக் கேட்டதும் அவன் வெலவெலத்துப்போய்க் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டான். கொடுத்த தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. கேம்பில் தம்பிராஜா என்று யாராவது இருந்தார்களா என்று கேட்டதற்கு, அந்தப் பேரில் ஒருத்தருமே கிடையாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அது நல்ல சேதி. தெருவே சிரித்தது. ஏகாம்பரமும் கப்பல்காரர்களிடம், தான் ஒருமுறை சயாமில் செத்தவன் என்று சொல்லிச் சிரிப்பார். அன்னம்மா மட்டும் அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. குழம்பு அடுப்பில் இருந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கம்போங் செட்டிக்காரர்களுக்குப் பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். அவர்கள் வீட்டுக்குள் பேசுவதை இங்கே தமிழில் போட்டிருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு தடவையும், பழக்காலத்தில் ஒரு தடவையும் இறந்தவர்களுக்கு இலை போடுவார்கள். பார்ச்சு என்று அதற்குப் பெயர். இலையில் எல்லாம் பரிமாறியபின் வீட்டுத் தலைவர் ஒவ்வொரு பேராகச் சொல்லி, "மாரி, மாக்கான்" என்பார். வாங்க, சாப்பிடுங்க என்று அர்த்தம். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டிருப்பார்கள் என்று தோன்றும்போது கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். இதில் மீறக் கூடாதவை இரண்டு. கூப்பிட்ட விருந்தாளி சாப்பிடாமல் போகும்படி விடக் கூடாது. உயிரோடு இருப்பவர் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் நாமே அந்தப் பக்கம் தள்ளிவிட்ட மாதிரி.

அதனால்தான் தம்பிராஜாவின் பேரை அன்னம்மா சொல்ல விட்டதில்லை. ஏகாம்பரம் தாத்தா பேரைச் சொல்வார், அம்மா சிவகாமசுந்தரி பேரைச் சொல்வார், சித்தப்பா பேரைச் சொல்வார். எல்லாம் சொல்லி முடிந்த பிறகும் வாய் மூடாது. ஒரு பேருக்கான இடம் அங்கே காலியாகக் கிடக்கும். அன்னம்மா முறைப்பாள். வாயை மூடிக்கொள்வார். அந்த வருஷம் படையலன்று காலையில் இரண்டு கப்பல் கூட்டத்துக்கு ஊரைக் காட்டிவிட்டு, தொண்டை கட்டி, நேராக இலை முன்னால் வந்து நின்றார். பேர்கள் தீர்ந்தன. வாய் திறந்தே இருந்தது. திறந்த வாயில், ஓடிப் பழகினதே ஓடியது: "இதுதான் கோட்டை வாசல். போர்த்துகீசியன் கட்டினான், டச்சுக்காரன் பூசினான், இங்கிலீஷ்காரன் இடித்தான், இது மட்டும் நின்றது. மாரி, மாக்கான்."

கூப்பிட்டுவிட்டார். அது வந்துவிட்டது.

முதல் வாரம் ஊர் சந்தோஷப்பட்டது. போர்த்துகீசிய வம்சத்து மீனவர்கள் மெழுகுவத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து மலாய்க்காரர் வளைவின் நிழலில் ஆட்டைக் கட்டினார். தேங்காய்ப்பால் செண்டோல் விற்கிறவன் தள்ளுவண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டான். ஏகாம்பரம் கப்பல்காரர்களைச் சிரமமில்லாமல் தன் வீட்டுக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டுக்குள் மட்டும்தான் தொந்தரவு. வளைவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தால் பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. கடல் எங்கேயோ இருக்க, சுவரில் அலை மோதும் சத்தம் கேட்டது. உப்பு ஜாடியில் உப்பு கரைந்துபோனது.

கூப்பிட்டது தப்பென்றாலும் விருந்தாளி விருந்தாளிதான். சாப்பிட்டால் போய்விடும் என்று அன்னம்மா இலை போட்டாள். சோறு, சம்பல், ரம்புத்தான், மங்குஸ்தீன். தொடவில்லை. கட்டியவன் ருசி கேட்குமோ என்று மீனவர் வீட்டிலிருந்து புளிக்காடி ஊற்றிய காரக் கறி வாங்கி வந்தார்கள். டச்சுக்காரன் ருசிக்குக் குளிர்சாமான் கடைப் பாலாடைக்கட்டி. இங்கிலீஷ்காரனுக்குப் பிஸ்கோத்தும் பால் தேத்தண்ணியும். ஒன்றிலும் விரல் பட்ட தடம் இல்லை. எறும்புகூட வரவில்லை. கோயில் பண்டாரம் வந்து பார்த்துவிட்டு, கூப்பிட்ட வாயே வழி சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏகாம்பரம் தினமும் வாசலின் முன் நின்று, தன் தப்புத்தான், கோபித்துக்கொள்ளாமல் போய்வர வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் கேட்டுக்கொண்டார். அது நகரவில்லை.

இதற்குள் மற்ற இடங்களும் நிலைகொள்ளாமல் தவிக்க ஆரம்பித்தன. குன்றின்மேல் சாய்ந்திருந்த கல்லறைக் கற்கள் காஜா பெராங் பக்கமாகத் திரும்பிக்கொண்டன. சீன மலைக் கிணற்றில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. ஒன்றை விட்டால் எல்லாம் இங்கே வந்துவிடும் என்று மேலிடத்தில் பயந்துபோய், கருணாகரன் என்ற உத்தியோகஸ்தரை அனுப்பினார்கள். நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"மெர்டேக்கா அன்னைக்கு வாசல் இல்லாத மலாக்காவை நான் யாருக்குக் காட்டுறது, சொல்லுங்க பிள்ளை. உடைச்சுக் கொண்டாரச் சொல்லி உத்தரவு."

"வீடு விழுந்திரும் ஐயா."

"விழும். நானும் சொல்லிப் பார்த்தேன். சுதந்திரம் வர்ற அவசரத்துல ஒரு வீட்டுக்காக யார் நிக்கிறா?"

ஏகாம்பரம் ஏறாத ஆபீஸ் படியில்லை. கிராணிமார்கள் உட்கார வைத்து அனுதாபப்பட்டார்கள். அனுதாபத்தோடு அனுப்பி வைத்தார்கள். கடைசி நாள் காலையில் மிஞ்சியது அப்பாசாமியின் மாடுகள்தான். அவையும் சாக்கடை ஓரத்தில் நுரை தள்ளிக்கொண்டு நின்றபோது, ஏகாம்பரம் அறுந்த கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தன் வீட்டையே, கப்பல்காரர்கள் பார்ப்பதைப்போல, வெளியில் நின்று பார்த்தார்.

அன்னம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் வாழை இலை இருந்தது.

"தம்பிராஜா அப்பா," என்றாள். அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். கலியாணமான நாளிலிருந்து புருஷன் பேர் அவள் வாயில் வந்ததில்லை. அரிசிக் கடையில் யார் வீடு என்று கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வாள். "உள்ளே வாங்க. அன்னைக்குச் சொல்லாம விட்ட பேரைச் சொல்லுங்க."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வேண்டாம் என்று தலையாட்டினார். வீடு போகட்டும், வேறு வீடு கட்டிக்கொள்ளலாம், நீலம் பூசிக்கொள்ளலாம் என்றார். அவள் காதில் வாங்கவில்லை. இலையைப் போட்டாள். சோறு, புளி ஊற்றிய காரமான மீன் குழம்பு, நடுவில் டுரியான். தம்பிராஜா சோற்றோடு டுரியான் பிசைந்து தின்பவன்; தின்ற கொட்டைகளைச் சுத்தமாகச் சப்பி, இலை ஓரத்தில் சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நிறுத்தி வைப்பான். எத்தனை தடவை அதற்காக அவன் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அதே இடத்தில் இலையைப் போட்டுவிட்டு விலகி நின்றாள்.

ஏகாம்பரம் கைகூப்பினார். பதினாலு வருஷமாக வாயில் நின்றது வெளியே வரும்போது இருமலும் சேர்ந்து வந்தது. "தம்பிராஜா. மாரி, மாக்கான்."

வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். தெருவில் அப்பாசாமியிலிருந்து செண்டோல்காரன் வரை எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறி இறங்கியது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். சோறு போட்டபடியே இருந்தது. வாசல் நின்றபடியே நின்றது.

ஏகாம்பரத்தின் முகத்தில் பாதிச் சந்தோஷம் ஓடியது. "வரல, பார்த்தியா? வரலேன்னா இருக்கான். எங்கேயோ இருக்கான்." வீடு விழப்போவதுகூட அந்த நிமிஷம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சம்மட்டி ஆட்களின் லோரி காஜா பெராங் முனையில் திரும்புவது தெரிந்தது.

அன்னம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இலைச் சோற்றைச் சரிசெய்து, மேலே இன்னொரு கரண்டி சூடாகக் குழம்பை ஊற்றிவிட்டு, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு வளைவுக்கு அடியில் போய் நின்றாள். பெண்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டு அந்தக் கம்போங்கில் யாரும் பார்த்ததில்லை. சடக்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தடங்கலில்லாத குரலில் கூப்பிட்டாள்.

"ஏகாம்பரம். மாரி, மாக்கான்."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்பாசாமி ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டான். ஏகாம்பரம் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார், அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே யாரோ வெகுநாள் பசியோடு சாப்பிடும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றதும் அவளே கதவைத் தட்டினாள்.

இலை வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் டுரியான் கொட்டைகள் வரிசையாக நின்றன.

விருந்தாளி சாப்பிட்டாயிற்று. வாசல், நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் முழங்காலில் கையூன்றி எழுவதுபோல எழுந்தது. உத்தரத்தை நோகாமல் இறக்கி வைத்துவிட்டுச் சடக்கில் இறங்கியது. சைக்கிள்காரர்கள் இறங்கி வழிவிட்டார்கள். அப்பாசாமி மாடுகளை ஓரம் கட்டினான். எதிரில் வந்த சம்மட்டி லோரி பின்வாங்கி, செண்டோல் வண்டிப் பக்கம் ஒதுங்கியது. ஆட்கள் இறங்கி ஆளுக்கொரு மங்கு செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் வாசல் குன்றின் அடிவாரத்தில் தன் இடத்தில் நின்றது. கல்லறைக் கற்கள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. கருணாகரன் தொப்பியை மாட்டிக்கொண்டார். மறுநாள் கொடியேற்றத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு வாசல் எங்கேயும் போயிருந்தது தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

வீடு விழவில்லை. சடக்கைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. இரண்டு மாதத்துக்குப் பிறகு கூடத்தில் வெயில் விழுந்தது. அந்த வெயிலில் இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் கொட்டைகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உயிரோட இருக்கிறவன் பேரைச் சொல்லக் கூடாதே," என்றார் கடைசியில். "என் பேரைச் சொல்லிட்டியே."

அன்னம்மா இலையை மடிக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜப்பான்காரன் ஆளெடுத்த அன்னைக்கு நீங்க காய்ச்சல்ல நினைவில்லாமக் கிடந்தீங்க. அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு சொல்லிட்டு வந்துடறேன்னுதான் போனான். கோட்டை வாசலுக்குப் பக்கத்துல புட்டு வித்த அஞ்சலை பார்த்துட்டு வந்து சொன்னா. உங்ககிட்ட சொன்னா உங்களையும் சேர்த்துப் பறிகொடுக்கணும்னு அவ வாயையும் அடைச்சேன், என் வாயையும் அடைச்சேன். வாசலுக்கு அடியில லோரிய நிறுத்திக்கிட்டு ஜப்பான்காரன் கூப்பிட்டது உங்க பேரை. நான்தான் ஏகாம்பரம்னு சொல்லி ஏறிக்கிட்டது நம்ம புள்ள."